நோயுடன் பள்ளிக்கு வரும் பிள்ளை: நிமிடங்களுக்கான திட்டமும் நாட்களுக்கான திட்டமும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கரையோரப் பாடசாலைகளுக்கு அனர்த்த ஒத்திகை புதியதொன்றல்ல. மணி விடாமல் அடிக்கப்படும். பிள்ளைகள் வரிசையாக மைதானத்துக்கோ மேல்மாடிக்கோ செல்வார்கள். வகுப்பாசிரியர் வரவு இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிடுவார். எல்லோரும் இருக்கிறார்கள் என்று அதிபருக்கு அறிவித்ததும் ஒத்திகை முடிந்துவிடும். இந்த ஏற்பாட்டைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் அது ஒருவகைப் பிள்ளையை மட்டுமே மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. அந்தப் பிள்ளையால் ஓட முடியும், மணியோசையைக் கேட்டு விளங்கிக்கொள்ள முடியும், அடுத்த வேளை மருந்துக்காக அது யாரையும் எதிர்பார்த்திருப்பதில்லை.

அப்படியல்லாத பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாப் பாடசாலைகளிலும் இருக்கிறார்கள். முட்டு வருத்தத்துக்கு, அதாவது ஆஸ்துமாவுக்கு, பம்ப் அடிக்கும் பிள்ளை, வலிப்புக்கு மாத்திரை குடிக்கும் பிள்ளை, முதலாம் வகை நீரிழிவுக்கு நாளொன்றுக்குப் பலமுறை இன்சுலின் ஏற்றும் பிள்ளை, பிறவி இருதய நோயுள்ள பிள்ளை, தலசீமியாவுக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்றும் பிள்ளை, சிறுநீரக நோய்க்கு நீண்டகாலமாக ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளை, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை, திடீர்ச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் ஒளியும் ஓட்டிசப் பிள்ளை எனப் பட்டியல் நீளும். இவர்களுக்கான அவசரத் திட்டம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தொலைபேசி இலக்கம். 1990 இற்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும் என்பதும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117 என்பதும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியவைதான். எனினும் அந்த இலக்கங்களால் நிரப்ப முடியாத இரண்டு இடைவெளிகள் உள்ளன. அம்பியூலன்ஸ் வந்து சேரும் வரையான நிமிடங்கள் ஒன்று. வெள்ளத்தால் பாதை அறுந்து அம்பியூலன்ஸே வர முடியாமற்போகும் நாட்கள் மற்றொன்று. இந்த இரண்டுக்கும் தனித்தனியாகத் திட்டம் வேண்டும். ஒன்றுக்கு எழுதியது மற்றதற்கு உதவாது.

நம் பிரதேசத்தின் பேரனர்த்தங்கள் பாடசாலைகளை நேரடியாகச் சோதித்ததில்லை என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். மட்டக்களப்பைச் சிதைத்த 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளி வீசியது வியாழக்கிழமை இரவில். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தது ஞாயிற்றுக்கிழமை காலையில். அன்று போயா தினமும்கூட. இரண்டு வேளையிலும் வகுப்பறைகள் வெறுமையாகவே இருந்தன. ஆகவே, நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பிலிருந்து, அவர்களுள் ஒருவர் நடக்க முடியாதவராகவும் இன்னொருவர் மருந்தில் தங்கியிருப்பவராகவும் இருக்கும்போது, எல்லோரையும் வெளியேற்றுவது எப்படி என்ற கேள்விக்கு நம்மிடம் அனுபவம் தந்த பதில் கிடையாது. ஒத்திகை தந்த பதில் மட்டுமே இருக்கிறது.

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பொறுப்பு முடிந்தது என்ற நினைப்பையும் மறுபரிசீலனை செய்தாக வேண்டும். 2024 நவம்பர் 26 ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளம் அடித்துச் சென்ற உழவு இயந்திரத்தில் இருந்தவர்கள், மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்கள். கல்விக்கூடத்துக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட பாதையே மிக ஆபத்தான இடமாக மாறலாம் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று தேவையில்லை. நோயுள்ள பிள்ளைக்கு அந்த ஆபத்து இரட்டிப்பானது. முட்டுக்காரப் பிள்ளை நனைந்துகொண்டே நடக்கும்; மதிய உணவு பிந்திய நீரிழிவுப் பிள்ளை வழியிலேயே மயங்கலாம். எனவே அவசர நேரத்தில் அந்தப் பிள்ளையை யார் வந்து பொறுப்பெடுப்பார், அவர் வரும் வரை பிள்ளை பாடசாலையில் எங்கே இருக்கும் என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பது திட்டத்தின் முதல் வரியாக இருக்க வேண்டும்.

முதலில் நிமிடங்களின் கணக்கைப் பார்ப்போம். வலிப்பு வந்த பிள்ளையைச் சுற்றி நம் ஊரில் நடப்பது அனைவருக்கும் தெரியும். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார், ஒருவர் பற்களுக்கிடையே கரண்டியை நுழைக்கப் பார்ப்பார், இன்னொருவர் கைகால்களை அமுக்கிப் பிடிப்பார். இரும்பு பிடிப்பதால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடுவதால், அப்போது கையில் இருந்த சாவிக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. செய்ய வேண்டியவை குறைவு. சுற்றியிருக்கும் மேசை கதிரைகளை நகர்த்தி, தலைக்கடியில் மென்மையாக எதையாவது வைத்து, பிள்ளையை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைக்க வேண்டும்; வாயில் எதையும் வைக்கக் கூடாது; எல்லாவற்றுக்கும் மேலாக, தொடங்கிய நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், அல்லது ஒன்று நின்று நினைவு திரும்பும் முன் அடுத்தது தொடங்கினால், அது உயிராபத்து. 1990 ஐ அழைக்க வேண்டிய நேரம். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும் என்பதால் கடிகாரத்தைப் பார்ப்பவர் யார் என்பதுகூடத் திட்டத்தில் இருப்பது நல்லது.

நீரிழிவுள்ள பிள்ளையின் விடயத்தில் ஆசிரியர்கள் அஞ்சுவது பெரும்பாலும் சீனி கூடுவதைத்தான். ஆனால் வகுப்பறையில் நிமிடக் கணக்கில் ஆபத்தாவது சீனி குறைவதே. இன்சுலின் ஏற்றிய பிள்ளை உணவைத் தவறவிட்டாலோ, விளையாட்டுப் போட்டிப் பயிற்சியில் வழமையைவிட அதிகம் ஓடினாலோ, இரத்தச் சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கலாம். கை நடுங்கும், வியர்க்கும், முகம் வெளிறும். சில பிள்ளைகள் காரணமின்றிக் கோபப்படுவார்கள், அதைக் குழப்படி என்று எண்ணி ஆசிரியர் தண்டிப்பதும் உண்டு. பிள்ளை விழிப்புடன் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் சுமார் 15 கிராம் சீனி, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். சொக்லட் இதற்கு ஏற்றதல்ல. அதிலுள்ள கொழுப்பு சீனி உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தும். மயங்கிவிட்ட பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இதில் முக்கியமான இன்னொரு ஒழுங்கு, பிள்ளையைத் தனியாகக் கன்ரீனுக்கோ அலுவலகத்துக்கோ அனுப்பாமலிருப்பது. சீனிப் பொதி வகுப்பறையிலேயே இருக்க வேண்டும்.

முட்டு வருத்தத்துக்கு வரும்போது, உபகரணம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் நெபுலைசர் வைத்திருக்கும் குடும்பங்கள் அதையே நம்பியிருக்கின்றன. மின்சாரம் நின்றால் அது வெறும் பெட்டி. மூச்சு எடுக்கச் சிரமப்படும் பிள்ளையால் பம்பை நேரடியாக வாயில் வைத்து, அமுக்கலுக்கும் மூச்சுக்கும் நேரம் பொருத்தி இழுக்க முடியாது. மருந்தில் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும். அதனால்தான் இடையில் ஸ்பேசர் என்ற குழாய் தேவைப்படுகிறது. அதை வாங்க வசதியில்லாத இடத்தில் 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல் போதுமானது. போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவில் துளையிட்டு, காற்றுக் கசியாமல் பசை பூசி ஒட்டிவிட்டால், பிள்ளை போத்தலின் கழுத்துப் பக்கத்தில் வாயை வைத்து ஆறுதலாக மூச்செடுக்கலாம். இது யாரோ சொன்ன கைவைத்தியமல்ல. தென்னாபிரிக்காவில் முட்டுடன் வந்த பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 1999 இல் வெளியான ஆய்வு, இவ்வாறு ஒட்டிய போத்தல் கடையில் வாங்கும் ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்வதைக் காட்டியது. ஒரு முறை அமுக்கி, நான்கைந்து மூச்சு, பிறகு அடுத்த அமுக்கல். மொத்தம் எத்தனை என்பதைப் பிள்ளையின் மருத்துவர் எழுதித் தர வேண்டும். பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, மருந்துக்குப் பிறகும் இலேசாகாவிட்டாலோ அம்பியூலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும் வரை மருந்தைத் தொடர வேண்டும்.

இனி நாட்களின் கணக்கு. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் பல ஊர்கள் கிழக்கேயுள்ள எழுவான்கரையிலிருந்து துண்டிக்கப்படுவது ஆண்டுதோறும் நடப்பதுதான். கிரான் புலிபாய்ந்தகல் வீதியின் மேலாக வெள்ளம் பாயும்போது மக்கள் தோணியிலும் இயந்திரப் படகிலும்தான் போய்வருகிறார்கள். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தின் நிலை பெரிதும் மாறியது உண்மை. ஆனால் பாலத்துக்கு வந்து சேரும் உள்வீதிகள் மூழ்கினால் பாலம் இருந்தும் பயனில்லை. 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் நவம்பர் இறுதியில் உயர்தரப் பரீட்சையே இடைநிறுத்தப்பட்டது என்றால், அதே நாட்களில் கிளினிக் திகதி வந்த பிள்ளையின் நிலையை ஊகிக்கலாம். அரச கிளினிக்குகளில் மருந்து பெரும்பாலும் ஒரு மாத அளவுக்கே கொடுக்கப்படுகிறது. திகதி வெள்ளத்துக்குள் விழுந்தால், வெள்ளம் வரும்போதே வீட்டில் இரண்டு மூன்று நாள் மருந்துதான் எஞ்சியிருக்கும். ஒக்டோபர் கிளினிக்கில் இரண்டு வார மருந்தைக் கூடுதலாகத் தருமாறு பெற்றோர் கேட்க வேண்டும். பாடசாலை அதற்கொரு கடிதம் கொடுத்தால் அந்தக் கேள்விக்குப் பலம் கூடும்.

மருந்து நின்றால் என்னவாகும் என்பது நோய்க்கு நோய் வேறுபடுகிறது. வலிப்பு மாத்திரை ஒருசில வேளைகள் தவறினாலே வலிப்பு திரும்பலாம். நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுத்த பிள்ளை அதைத் திடீரென நிறுத்தினால், உடல் தானே சுரக்க வேண்டிய ஹோர்மோன் போதாமல் வாந்தி, களைப்பு, இரத்த அழுத்தம் விழுதல் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். வெள்ளத்தில் வரும் சாதாரணக் காய்ச்சல்கூட அந்தப் பிள்ளைக்குச் சாதாரணமானதல்ல. முதலாம் வகை நீரிழிவில் இன்சுலின் முற்றாக நின்றால் ஓரிரு நாளிலேயே இரத்தம் அமிலத்தன்மை அடையும் நிலை வரலாம். பெற்றோர் அன்பினாலேயே செய்யும் தவறொன்றும் இங்கே உண்டு. “பிள்ளை சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு?” என்று இன்சுலினை அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். அளவு மாறலாம், ஆனால் நீண்டநேரம் வேலை செய்யும் இன்சுலினை முற்றாக நிறுத்தக் கூடாது. சாப்பாடு குறைந்த நாளில் எவ்வளவு ஏற்றுவது என்பதை மருத்துவரிடம் வெயில் காலத்திலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியின்றி வைத்திருப்பது எப்படி என்ற கேள்வியும் அடிக்கடி எழுகிறது. திறக்காத குப்பி 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். பாவனையிலுள்ள குப்பி பொதுவாக நான்கு வாரம் அளவில் சாதாரண அறை வெப்பநிலையைத் தாங்கும். ஈர மணலில் வைத்த மண்பானைக்குள், தண்ணீர் படாமல் பொலித்தீனில் சுற்றி வைப்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம். பானை குளிர்வது அதன் சுவரிலிருந்து நீர் ஆவியாவதால் என்பதால், கச்சான் காற்று வரண்டு வீசும் ஆடி, ஆவணியில் அது நன்றாகக் குளிரும். மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவாகக் குளிராது. நல்வாய்ப்பாக மாரியில் வெப்பமும் குறைவு, ஆகவே நிழலும் காற்றோட்டமும் உள்ள இடமே போதுமானதாகிவிடுகிறது. பயத்தில் ஐஸ் கட்டியின்மேல் நேரடியாக வைப்பதே பெருந்தவறு. உறைந்த இன்சுலினை உருக்கிப் பாவிக்க முடியாது. அதை எறிந்துவிட வேண்டியதுதான்.

இவை அனைத்தையும் பாடசாலையில் எப்படி ஒழுங்குபடுத்துவது? பெரிய கோவைகள் வேண்டாம்; ஒரு பிள்ளைக்கு ஒரு தாள் போதும். அமெரிக்காவில் குழந்தை மருத்துவர் கழகமும் அவசர மருத்துவர் கல்லூரியும் சேர்ந்து 1999 இல் இத்தகைய அவசரத் தகவல் படிவத்தைப் பரிந்துரைத்து 2010 இல் புதுப்பித்தன. அங்கே பல பாடசாலைகளில் அதைப் பராமரிக்கத் தாதியர் இருக்கிறார்கள். இங்கே அந்த வேலை வகுப்பாசிரியரின் தலையில்தான் விழும் என்பதால் நம் தாள் இன்னும் எளிமையாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு, வவுணதீவுப் பக்கத்துப் பாடசாலையொன்றில் ஆறாம் தரத்தில் முதலாம் வகை நீரிழிவுடன் படிக்கும் மாணவிக்கு அந்தத் தாள் இப்படி அமையலாம்:

“நோய்: முதலாம் வகை நீரிழிவு. நிறை 32 கிலோ. இடைவேளை 10.30 இற்குப் பிந்தக் கூடாது. நடுங்கினால், வியர்த்தால், பேச்சுக் குழறினால் சீனிப் பொதி ஒன்றைக் கரைத்துக் கொடுக்கவும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொன்று. சரியானதும் பிஸ்கட் நான்கு. மயங்கினால் வாயில் எதுவும் கொடுக்க வேண்டாம், 1990. பார்ப்பவர்: வகுப்பாசிரியர், அவர் விடுமுறையில் இருந்தால் சுகாதாரப் பாட ஆசிரியை. கூட்டிச் செல்பவர்: தாய், பாதை மூடினால் பாடசாலைக்குப் பின்வளவில் இருக்கும் பெரியம்மா. கிளினிக்: போதனா வைத்தியசாலை, மாதத்தின் இரண்டாம் செவ்வாய்.”

இதில் மருந்தின் அளவைவிடப் பெறுமதி கூடிய வரி எதுவென்றால், பெரியம்மாவைப் பற்றிய வரிதான் என்பது என் எண்ணம். மருந்து விபரத்தை மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடலாம். பாதை மூடிய நாளில் அந்தப் பிள்ளை யார் வீட்டில் நிற்கும் என்பது எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. தாளின் ஒரு பிரதி பிள்ளையின் புத்தகப் பையில், ஒன்று அதிபரிடம், ஒன்று வரவு இடாப்பின் அட்டைக்குள் இருக்க வேண்டும். ஒத்திகையில் ஆசிரியர் எப்படியும் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவது இடாப்பைத்தான். கைத்தொலைபேசியில் படமெடுத்து வைப்பதும் நல்லதுதான், ஆனால் புயல் நாளில் முதலில் படுத்துவிடுவது சிக்னல் என்பதால் பிளாஸ்டிக் உறையிட்ட காகிதத்துக்கு ஈடில்லை. விளம்பரப் பலகையில் ஒருபோதும் ஒட்டிவிடக் கூடாது.

ஏனென்றால், இந்தத் திட்டத்துக்கு இங்கே பெருந்தடையாக நிற்பது பணமல்ல, மறைப்பு. வலிப்புள்ள பெண் பிள்ளையின் நோயைப் பெற்றோர் பாடசாலைக்குச் சொல்லத் தயங்குவது, நாளைக்குக் கலியாணம் பேசும்போது ஊர் வாயில் விழும் என்ற பயத்தால். அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஊர் அப்படித்தான் பேசுகிறது. ஆகவே தாளை யார் பார்ப்பார்கள் என்பதை அதிபர் பெற்றோருக்கு முன்னாலேயே சொல்லி உறுதிப்படுத்தினால்தான் உண்மை வெளிவரும். மறுபக்கத்தில் ஆசிரியரின் பயம் நிற்கிறது: மருந்து கொடுத்து ஏதாவது நடந்துவிட்டால் பழி தன்மேல் விழுமே என்பது. மருத்துவரின் கையொப்பமிட்ட குறிப்பும் பெற்றோரின் எழுத்து ஒப்புதலும் தாளிலேயே இருந்தால், ஆசிரியர் செய்வது சிகிச்சை முடிவல்ல, எழுதியதை நிறைவேற்றுவது மட்டுமே. வலயக் கல்விப் பணிமனைகள் இந்த வேறுபாட்டை எழுத்தில் தெளிவுபடுத்தினாலே பாதிப் பயம் போய்விடும்.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் குழு 1, 4, 7, 10 ஆம் தரங்களில் பிள்ளைகளைப் பார்க்கிறது. பயனுள்ள வேலை அது. ஆனால் அதன் நோக்கம் புதிய குறைபாடுகளைக் கண்டுபிடித்து அனுப்புவது. ஐந்தாம் தரத்தில் நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளை அடுத்த பரிசோதனைக்கு ஏழாம் தரம் வரை காத்திருக்க நேரலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பாடசாலைக்கு வரும்போது இந்தத் தாள்களையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பதை வழக்கமாக்கினால் மேலதிகச் செலவு எதுவுமின்றி அந்த இடைவெளி நிரம்பும்.

சக்கர நாற்காலிப் பிள்ளை பற்றித் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. வழமையான நாளில் அந்தப் பிள்ளையின் வகுப்பு நிலத்தளத்தில் இருப்பதே நியாயம். ஆனால் குன்றுகள் இல்லாத நம் கரையோரத்தில், கடல் பொங்கும் எச்சரிக்கை வந்தால் பல பாடசாலைகளுக்கு மேல்மாடியே கிட்டிய புகலிடம். எனவே தூக்கிச் செல்லும் இருவர் யார் என்பது பெயருடன் எழுதப்பட்டு, ஒத்திகையில் உண்மையாகவே தூக்கிப் பார்க்கப்பட வேண்டும். ஒத்திகை நாளில் அந்தப் பிள்ளையை “நீங்கள் இங்கேயே இருங்கோ மகள், பரவாயில்லை” என்று வகுப்பில் விட்டுவிட்டு மற்றவர்கள் ஓடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்திய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 11 ஆவது உறுப்புரை, ஆபத்து வேளைகளில் அவர்களது பாதுகாப்பை அரசின் கடமையாக்குகிறது என்பதை அதிபர்களுக்கு நினைவூட்டலாம்.

வெள்ளம் வந்ததும் பாடசாலையே இடைத்தங்கல் முகாமாகிவிடும்போது, அதே வகுப்பறைக்கு அதே பிள்ளை குடும்பத்துடன் வந்து சேர்கிறது. ஆனால் முகாமை நடத்துபவர் அப்போது கிராம உத்தியோகத்தர். அதிபரின் அலுமாரிக்குள் பூட்டியிருக்கும் தாள் அவருக்குத் தெரியாது. சமைத்த உணவுப் பொதி பிற்பகல் மூன்று மணிக்கு வந்தால் மற்றவர்களுக்குப் பசி, இன்சுலின் ஏற்றிய பிள்ளைக்கு ஆபத்து. ஈர விறகுப் புகையும் நுளம்புச் சுருளும் முட்டு வருத்தத்தைத் தூண்டும். குடும்பங்களைப் பதியும் இடாப்பில் “நாளாந்த மருந்து, உணவு ஒழுங்கு” என்று ஒரு நிரலைக் கூட்டி, அத்தகைய குடும்பத்துக்கு அடுப்படியிலிருந்து விலகிய அறையைக் கொடுப்பது பிரதேச செயலகத்தின் ஒரு வரிப் பணிப்புரையால் நடக்கக்கூடிய காரியம்.

எஞ்சுவது தாளின் ஆயுள். படுவான்கரையின் பல சிறிய பாடசாலைகள் ஐந்தாம் தரத்துடன் முடிகின்றன. அங்கே எல்லா ஆசிரியர்களுக்கும் அந்தப் பிள்ளையைத் தெரியும், தாளே தேவைப்பட்டிராது. ஆறாம் தரத்துக்கு ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைக்குப் போகும்போது விடுகைப் பத்திரம் போகிறது, புள்ளி அறிக்கை போகிறது, நோய் பற்றிய விபரம் மட்டும் போவதில்லை. புதிய அனுமதிப் படிவத்தோடு இந்தத் தாளையும் கேட்டு வாங்குவதும், நிறையும் மருந்தளவும் மாறிவிடுவதால் ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் பெற்றோரைக் கொண்டு திகதியிட்டுத் திருத்துவதும் அனுமதிக்குப் பொறுப்பான ஆசிரியரின் வேலையாக எழுதப்பட வேண்டும். மூன்றாம் தவணையின் திருத்தம் மழை தொடங்கும் முன், ஒக்டோபர் கிளினிக்குக்கு முதல் நடந்தால், கூடுதல் மருந்துக்கான கடிதத்தையும் அதே நாளில் பெற்றோரின் கையில் கொடுத்துவிடலாம்.